சீனியை ஒழிக்க வந்தவள்

மட்டக்களப்பில் ஒரு வீட்டுக்குப் போய், "எனக்குத் தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். வீட்டுக்காரி உங்களை ஏற இறங்கப் பார்ப்பாள். எங்கள் வீட்டில் சீனி இல்லை என்று வந்தவர் நினைத்துவிட்டாரோ, போன கலியாணத்துக்குச் சொல்லாததை மனதில் வைத்திருக்கிறாரோ என்று யோசிப்பாள். பிறகு உள்ளே போய், வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடப் போட்டுக் கலக்கிக் கொண்டுவந்து வைப்பாள். அப்பேர்ப்பட்ட ஊரில்தான், அறுபதுகளின் நடுவில், குழந்தைகளின் கொழுப்பையும் சீனியையும் பற்றிச் சீமையில் படித்துவிட்டு நான் வந்து இறங்கினேன். உனக்கென்ன பைத்தியமா என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. அப்போதே நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள்.

முதலில் கேட்டவர் எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய டொக்டர். நான் என் திட்டத்தையெல்லாம் நான்கு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, நீ பிள்ளையள்ர வாட்டுப் பக்கம் போய்ப் பாத்தனியா? எலும்பும் தோலுமாக் கிடக்குதுகள். அதுகளுக்குச் சதை வைக்க என்ன வழியெண்டு நான் தலையப் பிச்சுக்கொண்டிருக்கன். நீ இருக்கிற சதையையும் கரைக்க வந்து நிக்கிறாய்."

அவர் சொன்னதில் பிழையில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாட்டில் வயிற்றோட்டமும் பூச்சியும் இரத்தச் சோகையுமாகக் குழந்தைகள் கிடந்தது எனக்கும் தெரியும். ஆனால் அதே ஊரில் கடை முதலாளிமாரின் பிள்ளைகளும் அரசாங்கக் கச்சேரியில் எழுதுகிற லிகிதர்மாரின் பிள்ளைகளும் மூன்று படி ஏறினால் மூச்சு வாங்கி நின்றார்கள். ஒரு பிள்ளை பசியில் வாடினால் நோய், இன்னொரு பிள்ளை சீனி போட்ட டின்பாலில் ஊதினால் செல்வம். இதைச் சொன்னேன். பெரிய டொக்டர் பெருந்தன்மையானவர்; எக்ஸ்ரே பெட்டிகள் அடுக்கி வைத்திருந்த அறையில் பாதியை எனக்கு ஒதுக்கித் தந்தார்.

ஒரு மேசை, ஒரு தராசு, சிறுநீரில் சீனி இருக்கிறதா என்று சோதிக்கும் நீலக் கரைசல் ஒரு போத்தல், அதைச் சூடாக்க ஒரு ஸ்பிரிட் விளக்கு. இலங்கையில் இப்படியொரு பிரிவு வேறெங்கும் இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். இல்லாததற்குக் காரணம் முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது. வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பல் பிடுங்க வந்து வழி தவறியவர். மற்றவள் ஒரு தாய். அவள் இடுப்பில் இருந்த நான்கு வயதுப் பையனின் கழுத்து எங்கே இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

"புள்ள சாப்பாட்டில கைய வைக்கிறானே இல்லம்மா. டொனிக் ஒண்டு எழுதித் தாங்க."

"இண்டைக்குக் காலையில என்ன சாப்பிட்டவன்?"

"என்னத்தச் சாப்பிட்டான்! எட்டு இடியப்பமும் சொதியும், மறுகா ரெண்டு வாழைப்பழம். டின்பால் ஊத்தின பாண் ஒரு துண்டு. அவ்வளவுதான்."

பையனைத் தராசில் ஏற்றினேன். பையன் அழுதான். தராசும் அழாத குறை. டொனிக் வேண்டாம், டின்பாலை நிறுத்து, சீனியைக் குறை, பிள்ளையை ஓட விடு என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். எழும்பும்போது என்னை மேலும் கீழும் பார்த்து, மெய்யான இரக்கத்தோடு, "நீங்கதான் அம்மா ஏதாவது டொனிக் குடிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த நாளில் நான் காய்ந்த மீன் மாதிரி இருந்தேன். என் பிரசாரத்துக்கு என் உடம்பே முதல் எதிரி. தனக்குச் சதை பிடிக்காத வயிற்றெரிச்சலில் ஊர்ப் பிள்ளைகளை வாட்ட வந்திருக்கிறாள் என்று சந்தைப் பக்கம் பேசிக்கொண்டார்கள். அங்கேதான் எனக்குச் 'சீனி டாக்குத்தரம்மா' என்று பெயரும் வைத்தார்கள். கலியாண வீடுகளில் நான் நுழைந்தால் பணியாரத் தட்டு என்னைத் தாண்டிப் போகும். எனக்கு மட்டும் ஒரு கோப்பை வெறும் தேத்தண்ணி வரும், அதுவும் ஆறிப்போய். நான் அதை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அலுமாரியில் இருந்த, தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் கிண்டிய தொதலில் ஒரு துண்டு வெட்டித் தின்பேன். இதை இத்தனை காலமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் மெதடிஸ்த கோயில் மண்டபத்தில் வருசாவருசம் ஆரோக்கியக் குழந்தைப் போட்டி நடக்கும். என்னையும் ஒரு முறை நடுவராகக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்திய வருசங்களில் நடுவர் வேலை சுலபம்: தராசில் வை, எது கூட நிறுக்கிறதோ அதற்குப் பரிசு. தாய்மார் வரிசையில் நின்றபடியே பிள்ளைகளுக்குக் கடைசிப் போத்தல் பாலைப் புகட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தராசைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, வாவியில் இறால் பிடிக்கிற ஒருவருடைய கறுத்து மெலிந்த பெண் குழந்தைக்கு முதற்பரிசு கொடுத்தேன். அது மேசையில் இருந்து இரண்டு தரம் குதிக்கப் பார்த்தது, என் ஸ்டெதஸ்கோப்பைக் கடித்தது. அதைவிட ஆரோக்கியத்துக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? மண்டபத்தில் பெரிய அமளி. பரிசு என்னவென்று கேட்கிறீர்களா? ஒரு பெரிய டின் பால்மா. அதை என் கையாலேயே கொடுக்க வைத்தார்கள். அடுத்த வருசம் என்னைக் கூப்பிடவில்லை.

ஆனால் என் உண்மையான போர்க்களம் வாட்டுத்தான். நம்முடைய சனம் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள். வந்தால் மரியாதையில்லை. குளுக்கோசு மா, கற்கண்டு, சீனிப் பணிஸ், தோடம்பழம், கேக், என்னென்ன உண்டோ அத்தனையும் பையில் வரும். நோய் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு இனிப்பு. சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் கிடக்கிற மனுசனின் தலைமாட்டில் ஊரே சேர்ந்து ஒரு மிட்டாய்க் கடை வைத்துவிட்டுப் போகும். நான் தலையணைகளைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். அற்றெண்டன்மார் என்னைத் தூரத்தில் கண்டதும் இருமுவார்கள். அது நோயாளிகளுக்கான எச்சரிக்கை.

இந்தக் காலத்தில்தான் வடக்கே கடலோரக் கிராமமான கதிரவெளியில் இருந்து ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். எட்டு வயதுப் பெண்பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். தாய்க்கு முப்பது வயது இருக்கும். வாய் அதிகம் பேசாது, கண் மட்டும் ஒன்றையும் விடாது பார்க்கும். மூன்று மாதத்துக்கு முன்புவரை பிள்ளை கொழுகொழுவென்று இருந்ததாம். பிறகு தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக் குடித்தது, அடிக்கடி சிறுநீர் கழித்தது, அந்த இடத்தில் எறும்பு மொய்த்தது, நாளுக்கு நாள் மெலிந்தது. கண்ணூறு நாவூறு பட்டுவிட்டது என்று மந்திரித்துப் பார்வை பார்த்தார்கள். மெலிந்த உடம்பைத் தேற்ற வேண்டாமா? குளுக்கோசு கரைத்துக் கொடுத்தார்கள், செவ்விளநீர் கொடுத்தார்கள், வாகரைக் காட்டுத் தேன் ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்தார்கள். பிள்ளை இன்னும் மெலிந்தது, அவர்கள் இன்னும் கொடுத்தார்கள். அன்பால் ஒரு பிள்ளையைக் கொல்வதென்றால் இதைவிட ஒழுங்காகச் செய்ய முடியாது.

மயங்கிக் கிடந்த பிள்ளையின் சிறுநீரை நீலக் கரைசலில் விட்டுச் சூடாக்கினேன். செங்கல் நிறத்துக்கு மாறியது; சீனி உச்சத்தில் இருந்தால்தான் அந்த நிறம் வரும். பெரிய டொக்டர் வந்து பார்த்தார், அன்றைக்கு அவர் பகிடி விடவில்லை. சேலைன், இன்சுலின், மூன்று நாள். நான்காம் நாள் பிள்ளை கண் திறந்து தாயைத் தேடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தலையணைக்குக் கீழே ஏதோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், அவர்களை வாட்டில் வைத்திருந்தேன். ஊசி போடத் தாய்க்குப் பழக்கினேன். கண்ணாடிச் சிரிஞ்சை அவிப்பது, மருந்துக் குப்பியை ஈர மண் போட்ட சட்டியில் குளிராக வைப்பது, கோடு பார்த்து மருந்து இழுப்பது, எல்லாவற்றையும் ஒரே முறையில் பிடித்துக்கொண்டாள். எழுத வாசிக்க அவளுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் என்னிடம் பயிற்சிக்கு வந்த படித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தக் கை இருக்கவில்லை.

தொல்லை சொந்தக்காரரால்தான் வந்தது. அவளுடைய மச்சாள் ஒருத்தி, புருசனின் தங்கச்சி, நல்ல வாட்டசாட்டமானவள், கதிரவெளியில் இருந்து பஸ் ஏறி வந்து நின்றாள். மடியில் வாழையிலை சுற்றிய தொதல். நான் அதைப் பறித்து யன்னலுக்கு வெளியே எறிந்தேன். காகங்களுக்கு நல்ல நாள்.

"என்னம்மா நீங்க! எங்கட புள்ளைக்கு ஆசையாக் கிண்டிக் கொண்டாந்தத..."

"ஆசையா? நீ விசம் கொண்டாந்திருக்கிறாய். சீனியும் ஒண்டு, விசமும் ஒண்டு. இந்தப் பிள்ளையின்ர வாயில இனிப்பு வைக்கிற ஆள் ஆரெண்டாலும் அவதான் இதுக்கு எமன். விளங்கிச்சா?"

முழு வாட்டும் கேட்கத்தான் சொன்னேன். மச்சாள் அழுதுகொண்டே போனாள். அப்போது தாய் எழுந்து வந்து, பிள்ளையின் தலையில் கையை வைத்தாள்.

"இவள்ர தலையில சத்தியமாச் சொல்றன் அம்மா. ஒரு பொட்டு இனிப்பு இவள்ர வாயில பட விடமாட்டன். ஆர் வந்தாலும் விடமாட்டன்."

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அத்தனை வருசம் இந்த வாவிக் கரையில் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதற்கு ஒரேயொருத்தி, ஒரேயொருத்தி, என் சொல்லை முழுதாகக் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு நான் நிலத்தில் நடக்கவில்லை.

அவர்கள் வீட்டுக்குப் போகிற நாளில் திரும்பவும் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். ஊசியைத் தவறவிடாதே, இனிப்பு வேண்டாம், காலில் புண் வராமல் பார், மாதம் ஒரு முறை நான் அந்தப் பக்கம் கிளினிக்குக்கு வருவேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. ஊசி போட்டபின் பிள்ளை சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். வேர்க்கும், நடுங்கும், உளறும், மயங்கும். அந்த நேரம் சீனிதான் மருந்து. உடனே கொடுக்காவிட்டால் பிள்ளை பிழைக்காது.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் மன்னிப்பீர்கள். நான் மறக்கவில்லை. வாட்டுத் தாதி மிஸ்ஸி என் காதருகே வந்து, "டொக்டர், சீனி குறைஞ்சா என்ன செய்யிறதெண்டு சொல்லேல்லையே?" என்று ஞாபகமும் படுத்தினார். "சொன்னா முடிஞ்சுது" என்றேன். "பிள்ளைக்கு வேர்க்குது எண்டு காலையில ஒரு கரண்டி, நடுங்குது எண்டு பின்னேரம் ஒரு கரண்டி. மச்சாள் திரும்பவும் தொதல் கிண்டுவா. இதுகளுக்கு ஒரு சின்ன வாசலத் திறந்துவிட்டா மாட்டு வண்டிலே உள்ள வரும். கொஞ்சம் பழகட்டும், அடுத்த முறை சொல்லுவம்." இது நான் என் வாயால் சொன்னது. சனத்தை நான் அவ்வளவு அறிந்து வைத்திருந்தேன்.

முதல் மாதம் கதிரவெளி கிளினிக்கில் பிள்ளையைப் பார்த்தேன். கன்னம் வைத்திருந்தது. நீலக் கரைசல் பச்சைக்கு மேலே போகவில்லை, சீனி கொஞ்சம்தான். நான் தாயைப் புகழ்ந்த புகழ்ச்சியில் வரிசையில் நின்ற மற்றத் தாய்மாருக்கெல்லாம் எரிச்சல் வந்தது. எல்லாம் நன்றாகப் போகும்போது எதற்குக் குழப்புவது என்று அந்த முறையும் அதைச் சொல்லவில்லை.

இரண்டாம் மாதம் நாங்கள் ஜீப்பில் போய்ச் சேரும்போது காலை பத்து மணி தாண்டிவிட்டது. கல்குடாச் சந்தியில் ஒரு டயருக்குக் காற்றுப் போய், பிறகு துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைக்கும் காத்து நின்றோம். பள்ளிக்கூடத்து வாசலில் தராசை இறக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு மனுசன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அம்மா, அந்த ஊசி போடுற புள்ள ஒரு மாதிரிக் கிடக்குது. கெதியா வாங்க."

வழியில்தான் சொன்னார். பிள்ளை பிழைத்து வந்ததற்குத் தாய் அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தாளாம். இன்றைக்குக் கோயிலில் அந்த நேர்த்திப் பொங்கல். பூசை முடியும்வரை தாயும் பிள்ளையும் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் விரதம். அர்ச்சனைக்கு என் பெயரையும் சொல்லியிருந்தார்களாம்.

"காலையில ஊசி போட்டவவா?"

"ஓம் அம்மா. அது தவறாது. விடிய ஆறு மணிக்கே போட்டுட்டா."

ஊசியைத் தவறவிடாதே என்று நான் சொல்லியிருந்தேன். அவள் தவறவிடவில்லை. நான் ஓடினேன். என் பெட்டியில் ஸ்டெதஸ்கோப் இருந்தது, பூச்சி மருந்து இருந்தது, எடை எழுதுகிற அட்டைகள் இருந்தன. இரத்தத்தில் ஏற்றும் குளுக்கோசு மட்டும் ஆஸ்பத்திரி அலுமாரியில் பத்திரமாக இருந்தது.

வீட்டு முற்றத்தில் கூட்டம். கூட்டத்துக்கு நடுவே சத்தம். நான் ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். பிள்ளை பாயில் தாயின் மடியில் கிடந்தது. சட்டை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் பாதி மூடி, கை விட்டு விட்டு உதறியது. தாய் தன் இடது கையால் பிள்ளையின் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, வலது கையால் மச்சாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மச்சாளின் கையில் ஒரு கோப்பை. பாதி கீழே ஊற்றுப்பட்டு, மீதி ததும்பியது.

"ஒரு முறடு குடுக்க விடுகா! புள்ள சோர்ந்து போச்சு, உனக்குக் கண் தெரியல்லியா? சீனி போட்ட தேத்தண்ணிகா, வேறென்ன!"

"கிட்ட வராத! கொன்னுபோடுவன்!"

தாயின் கையில் நகக் கீறல்கள், இரத்தம். எவ்வளவு நேரமாக இந்தச் சண்டை நடந்ததோ. ஊர் முழுக்க ஒரு பக்கம், அவள் ஒருத்தி ஒரு பக்கம். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். துணைக்கு ஆள் வந்துவிட்டது என்ற நிம்மதி.

"வந்துட்டீங்களா அம்மா! நான் ஒருத்தரையும் விடல்ல. ஒரு பொட்டுக்கூட வாயில பட விடல்ல."

மச்சாளின் கையில் இருந்த கோப்பையை வாங்கினேன். மண்டியிட்டு உட்கார்ந்து, பிள்ளையின் வாயில் இருந்த அந்தக் கையைப் பிடித்தேன். அவள் விடவில்லை. நான் என்ன செய்கிறேன் என்பது அவளுக்கு விளங்கவில்லை. கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விரல்களை இன்னும் இறுக்கினாள்.

"கைய எடு பிள்ளை" என்றேன். "எடம்மா. இதுதான் இப்ப மருந்து."

விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். கோப்பையின் அடியில் கரையாமல் கிடந்த சீனியை விரலால் வழித்துப் பிள்ளையின் கன்னத்துக்கு உட்புறம் தடவினேன். திரும்பத் தடவினேன். மச்சாள் ஓடிப்போய், கடதாசியில் சுற்றிய சீனிச் சரையையே கொண்டுவந்து என் மடியில் கொட்டினாள். அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். கொஞ்சம் விழுங்கத் தொடங்கியதும் தேத்தண்ணியைத் துளித்துளியாக விட்டேன். கால்மணி நேரம் இருக்கலாம். கூடவும் இருக்கலாம். உதறல் நின்றது. பிள்ளை முழுதாகக் கண்ணைத் திறந்தது, நாக்கைச் சுழற்றியது, பிறகு பயந்துபோய்த் தாயைப் பார்த்தது.

"அம்மா, இனிக்குது. துப்பிப் போடவா?"

தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்தான் சொல்லவேண்டும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விழுங்கு மகள்" என்றேன்.

பிறகு மடியில் சிந்திய சீனியோடு அங்கேயே உட்கார்ந்து, ஆறு கிழமை வாட்டில் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன். வேர்த்தால் கொடு, நடுங்கினால் கொடு, உளறினால் கொடு, ஊசி போட்ட நாளில் விரதம் வேண்டாம், சீனியை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வை. அவள் கீறல் விழுந்த கையைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி கேட்டாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. "இது உங்களுக்கு அப்பவே தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பிள்ளையின் ஈரத் தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தாள். பிறகு, பாடம் கேட்கிறவள் கேட்பது மாதிரி மெதுவாகக் கேட்டாள்:

"இன்னும் என்னென்னத்த எங்களுக்குச் சொல்லாம வச்சிருக்கீங்க, அம்மா?"